உஷார்! ஐஸுக்குக் கீழே அணைத் தண்ணீர் இறங்குகிறது

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், கொலராடோவின் டென்வர் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி வந்து விழும்: "மக்களே, வர்ற சனிக்கிழமை ஐஸ் ஃபிஷிங்! யார் யார் வர்றீங்க?"

பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசை கட்டும். ஒருவர் புளியோதரை கொண்டுவருகிறேன் என்பார். இன்னொருவர் ஃபிளாஸ்க் நிறைய காபி. பிள்ளைகளுக்கு ஸ்லெட் எடுக்கலாமா, எத்தனை வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். "ஐஸ் எத்தனை அங்குலம் இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நம்மவர்கள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டார்கள். 2022 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அரிசோனா மலைப்பகுதியில் சுமார் 7,500 அடி உயரத்தில் வுட்ஸ் கேன்யன் ஏரி இருக்கிறது. பெயர்தான் ஏரி. அணை கட்டித் தேக்கிய தண்ணீர் அது. விடுமுறைக்காகக் குடும்பங்களோடு அங்கே போயிருந்த இந்தியர்களில் மூன்று பேர் உறைந்த ஏரியின் மேல் நடந்தார்கள். பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் ஐஸ் உடைந்து மூவரும் உள்ளே விழுந்தார்கள். ஒருவரைச் சீக்கிரமே வெளியே எடுத்தும் பிழைக்கவைக்க முடியவில்லை. மற்ற இருவரின் உடல்கள் மறுநாள்தான் கிடைத்தன. வெயில் ஊரான சாண்ட்லரிலிருந்து பனி பார்க்கப் போனவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே படித்து, வேலைக்கு வந்து, குடும்பம் நடத்தியவர்கள்.

ஐஸ் மீன்பிடிப்பே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஐந்து குளிர்காலமாக நானும் போகிறேன். விடியற்காலையில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, வெள்ளை வெளியில் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கிற அமைதி வேறெங்கும் கிடைக்காது. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அதே ரெயின்போ டிரவுட் பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு மின்ன அந்தச் சின்னத் துளை வழியாக மேலே வரும்போது, ஐம்பது வயதுக்காரரும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார். போகிறவர்கள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

அணை தூங்குவதில்லை

கொலராடோவில் நம் ஆட்கள் போகிற இடங்களில் பல, மனிதன் கட்டிய நீர்த்தேக்கங்கள். டில்லன் நீர்த்தேக்கம் கடல்மட்டத்திலிருந்து 9,017 அடி உயரத்தில் இருக்கிறது. 1963-ல் கட்டி முடித்த அணை. அங்கே தேங்கும் தண்ணீர் மலைக்கு அடியில் 23 மைல் நீளத்துக்குக் குடைந்த ராபர்ட்ஸ் சுரங்கம் வழியாக டென்வர் பக்கம் வருகிறது. சவுத் பார்க் பள்ளத்தாக்கில் இருக்கும் லெவன் மைல் நீர்த்தேக்கத்தின் அணை 1932-ல் கட்டியது. அதுவும் டென்வரின் குடிநீருக்காகத்தான். சமையலறைக் குழாயைத் திறக்கும்போது நம் கையில் விழுவதும், சனிக்கிழமை நாம் மேலே நின்று மீன் பிடிப்பதும் ஒரே தண்ணீர்.

மேலே ஐஸ் மூடிவிட்டது என்பதற்காக அணை தன் வேலையை நிறுத்துவதில்லை. குளிர்காலத்தில் வரத்து குறைந்துவிடும். பெய்வதெல்லாம் பனியாக மலையிலேயே தங்கிவிடுகிறது. நகரத்துக்கோ தண்ணீர் வேண்டும். அணைக்குக் கீழே ஆற்றுக்கும் விட வேண்டும். அதனால் ஐஸ் மூடியிருக்கும் மாதங்களிலேயே நீர்மட்டம் மெல்ல இறங்கக்கூடும்.

ஐஸ் தன் பலத்தால் மட்டும் நம்மைத் தாங்குவதில்லை. அது தண்ணீர்மேல் மிதக்கிற பலகை. அதன் எடையையும் நம் எடையையும் அடியிலிருக்கும் தண்ணீர்தான் தாங்குகிறது. நடு ஏரியில் மட்டம் இறங்கினால் பலகையும் கூடவே இறங்கிவிடும், பெரிய ஆபத்தில்லை. கரையோரத்தில் கதை வேறு. அங்கே ஐஸின் ஒரு ஓரம் மண்ணோடும் பாறையோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் தண்ணீர் விலகியதும் அந்த ஓரம் தாங்க ஆளில்லாமல் தொங்கும், பிறகு முறியும். சில இடங்களில் ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வண்டியிலிருந்து இறங்கி ஏரிக்குள் நாம் எடுத்து வைக்கும் முதல் இருபது அடி அந்தக் கரையோரத்தில்தான் விழுகிறது.

நீருக்குள் மூழ்கிய மேடுகளும் பாறைகளும் இன்னொரு பொறி. மட்டம் இறங்கும்போது ஐஸ் அந்த மேட்டின் மேல் போய் உட்கார்ந்து வளைந்து விரிசல் விடும். விரிசல் வழியாகத் தண்ணீர் ஏறி, பனியோடு கலந்து, மறுபடி அரைகுறையாக உறையும்.

மட்டம் ஏறினாலும் ஆபத்துதான். ஏறும் தண்ணீர் ஐஸைத் தூக்கிக் கரையிலிருந்து பிரித்துவிடும். மார்ச், ஏப்ரலில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். கறுத்த மண்ணும் பாறையும் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் கரையோர ஐஸ்தான் முதலில் உருகும். காலை ஏழு மணிக்கு இறுகிக் கிடந்த ஓரத்தில் ஏறி உள்ளே போவீர்கள். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் கரைக்கும் உங்களுக்கும் நடுவே நாலடிக்குக் கறுப்புத் தண்ணீர் கிடக்கும். தோளில் ஐஸில் துளை போடும் ஆகர், ஸ்லெட்டில் பிள்ளை.

இயற்கை ஏரிக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போகாதீர்கள். ஐஸின் கனத்தோடு நீர்மட்டத்தையும் விசாரியுங்கள். நகரின் குடிநீர் நிறுவனமான டென்வர் வாட்டர் தன் நீர்த்தேக்கங்களின் மட்டத்தை இணையதளத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரத்துக் கணக்கைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

நாலு அங்குலம்: எந்த ஐஸ், எங்கே அளந்தது?

கொலராடோவிலும் மினசோட்டாவிலும் அரசுத் துறைகள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது: ஒரு ஆள் நடந்து போக நாலு அங்குல ஐஸ். நம் கூட்டத்திலும் "நாலு இஞ்ச் இருந்தா போதும்" என்கிற பாதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் "புதிதாக உறைந்த, தெளிவான" என்று இருக்கும் சொற்கள்தான் காதில் விழுவதில்லை.

தெளிந்த ஐஸில் கறுப்போ நீலமோ ஓடும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும். அந்த ஐஸுக்குத்தான் நாலு அங்குலம். வெள்ளை ஐஸ் பனியும் தண்ணீரும் கலந்து உறைந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். தெளிந்த ஐஸின் பலத்தில் பாதிதான் அதற்கு என்று வைத்துக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள்: எட்டு அங்குலம். சாம்பல் நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். அதில் கால் வைக்கவே வேண்டாம். வசந்தம் நெருங்கும்போது ஐஸ் செங்குத்தாக மெழுகுவர்த்திகளை அடுக்கி வைத்ததுபோல் பிரிந்து நிற்கும். அப்போது அளவு ஒரு அடி காட்டினாலும் நம்பக் கூடாது. கனம் இருக்கும், பிடிப்பு இருக்காது.

மேலே கிடக்கும் பனி இரண்டு விதத்தில் ஏமாற்றும். கம்பளிபோல் மூடிக் குளிரைக் கீழே போகவிடாமல் தடுப்பதால், அதற்கு அடியில் ஐஸ் மெதுவாகத்தான் தடிக்கும். தன் கனத்தால் ஐஸை அழுத்துவதால், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து முழங்கால் வரை சேறாக நிற்கும். கடும் குளிரில் பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் அதோடு அந்த நாள் முடிந்தது.

"ராத்திரி பூரா மைனஸ்ல இருந்துச்சு, நல்லா உறைஞ்சிருக்கும்" என்ற பேச்சும் வேண்டாம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கும். பெரிய நீர்த்தேக்கம் முழுவதும் அந்த அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் மேல்மட்டம் உறையவே தொடங்கும். ஆழமும் காற்றும் உள்ள டில்லன் போன்ற இடங்கள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில்தான் முழுதாக மூடும். பக்கத்துச் சின்னக் குட்டை நவம்பரிலேயே இறுகிவிட்டது என்பதால் அணையும் இறுகிவிட்டது என்று ஆகாது. ஒரே நீர்த்தேக்கத்துக்குள்ளும் ஓடை வந்து சேரும் வாய், அணையின் மதகுப் பக்கம், பாலத்தின் அடி, ஊற்றுக்கண், இரண்டு ஐஸ் தகடுகள் மோதி மேடாகப் புடைத்து நிற்கும் கோடு, எல்லாமே பலவீனமான இடங்கள். ஒரு இடத்தில் ஒரு அடி கனம் இருக்கும். பத்தடி தள்ளி ஒரு அங்குலம்தான் இருக்கும்.

அந்த அறுபது அடி

போன ஜனவரியில் நான் நேரில் கண்டது இது.

நாங்கள் ஐந்து பேர். நீர்த்தேக்கத்தின் பெயர் வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். எங்கள் துளையில் நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். 11 அங்குலம், பாதிக்கு மேல் தெளிந்த ஐஸ். நிம்மதியாக உட்கார்ந்துவிட்டோம். பத்து மணி வரை ஒரு கடி இல்லை. தூரத்தில் ஓடை வந்து சேரும் மூலையில் யாரோ பைக் மீன் பிடித்ததாகச் செய்தி வந்ததும் எங்களில் இளையவன் எழுந்துவிட்டான்.

"அண்ணா, அந்தப் பக்கம் போய் ஒரு துளை போட்டுப் பார்ப்போம்ணா. பதினோரு இஞ்ச் இருக்கே, என்ன பயம்?"

பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் நாங்கள் கை காட்டிய திசையைப் பார்த்தார். எழுந்து வந்து தன் ஸ்பட் பாரை என் கையில் கொடுத்தார். நம் ஊர்க் கடப்பாரைதான், நுனி மட்டும் உளிபோல் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரண்டு குத்து குத்திவிட்டுக் கால் வை, ஒரே குத்தில் இறங்கினால் வந்த வழியே திரும்பு என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முன்னால், தம்பி பத்தடி பின்னால். முதலில் குத்தும்போது "டங்" என்று கெட்டியான சத்தம். இரும்பு திரும்பி எழும்பி உள்ளங்கையை அதிரவைத்தது. கொஞ்ச தூரத்தில் சத்தம் மாறி "டொப்" என்று கேட்டது. அப்போதே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. எங்கள் துளையிலிருந்து அறுபது அடிகூட இருக்காது, அடுத்த குத்தில் கடப்பாரை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விட்டது. கைப்பிடிக் கயிறு மணிக்கட்டில் மாட்டியிருந்ததால் அது என் கையோடு தங்கியது. குத்திய ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல் மேலே வந்து பனியை நனைத்துக்கொண்டு என் பூட்ஸின் முனை வரை பரவியது. ஓட்டையின் ஓரத்தில் ஐஸ் இரண்டு விரல் கனம்தான் இருந்தது.

"திரும்புடா, உன் கால்தடத்துலயே திரும்பு, ஓடாதே" என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. கரைக்கு வந்து சேரும் வரை அவன் பேசவில்லை. அவனுடைய ஆறு வயது மகன் எங்கள் துளைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் அவனும் அப்பா பின்னால் ஓடி வந்திருப்பான்.

அறுபது அடியில் 11 அங்குலம் இரண்டு விரலாகிவிட்டது. அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் அளக்கவில்லை.

ஒன்று, பத்து, ஒன்று

விழுந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடல் என்ன பாடுபடுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஆய்வுக்காகத் தானே உறைநீரில் இறங்கியவர். அவர் சொல்லித்தரும் கணக்கை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்.

முதல் ஒரு நிமிடம் மூச்சுக்கு. உறைநீர் பட்டதும் உடல் தன்னையறியாமல் பெரிதாக மூச்சை இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். நல்ல நீச்சல்காரர்களும் இந்த ஒரு நிமிடத்தில்தான் போய்விடுகிறார்கள். தலையை மேலே வைத்துக்கொண்டு மூச்சு அடங்கும் வரை வேறு எதுவும் செய்யாதீர்கள். அது அடங்கும், நம்புங்கள்.

அடுத்த பத்து நிமிடம் கை காலுக்கு. அவை நாம் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம்தான். பிறகு விரல் மடங்காது. வெளியே வரும் முயற்சி எல்லாம் இதற்குள் நடக்க வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரம் நினைவுக்கு. உடல் சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விழுந்தவுடனே எல்லாம் முடிந்துவிட்டது என்று கைவிடாதீர்கள்.

வெளியே வரும் வழி இது. வந்த திசைக்குத் திரும்புங்கள். அந்தப் பக்கத்து ஐஸ்தான் அதுவரை உங்களைத் தாங்கியது. கனமான கோட்டைக் கழற்ற வேண்டாம், அதற்குள் இருக்கும் காற்று மிதக்க உதவும். முழங்கைகளை ஐஸ்மேல் ஊன்றுங்கள். கால்களை நீச்சலடிப்பதுபோல் பின்னால் உதைத்து உடலைத் தண்ணீர்மட்டத்துக்குப் படுக்கையாக்கி, வயிற்றால் வழுக்கி மேலே ஏறுங்கள். கழுத்தில் ஐஸ் பிக் தொங்கினால் அதன் ஆணி முனைகளை ஐஸில் குத்தி இழுத்துக்கொள்ளலாம். வெறும் கை ஈர ஐஸில் வழுக்கும். மேலே வந்ததும் எழுந்து நிற்காதீர்கள். வந்த வழியிலேயே உருண்டு போங்கள். நின்றால் எடை முழுவதும் இரண்டு பாதத்தில் இறங்கி மறுபடி உடையும்.

பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் பெரிய சோதனை. தம்பி விழுந்தால் அண்ணன் பாய்வான், பிள்ளை விழுந்தால் அம்மா பாய்வாள். பாசத்தில் ஓடுகிறவர்களும் அதே ஓட்டைக்குள் விழுகிறார்கள். நாய் விழுந்ததைப் பார்த்து ஓடி இறந்தவர்களும் உண்டு. முதலில் 911. பிறகு தூரத்திலிருந்தே தைரியம் சொல்லுங்கள். கம்பு, ஏணி, ஸ்லெட், எது கிடைத்தாலும் நீட்டுங்கள். கயிறு வீசுங்கள். நெருங்கியே ஆக வேண்டுமென்றால் படுத்து ஊர்ந்து போங்கள்.

வெளியே எடுத்தவரின் ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த கம்பளி சுற்றி, மார்புப் பகுதியைச் சூடாக்குங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். "குளிருக்கு ரெண்டு ரவுண்டு" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் தட்டிவிடுங்கள். மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடாக இருப்பதுபோல் காட்டும். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஐஸ்மேல் இருக்கும்வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

கூடாரத்துக்குள் வரும் எமன்

காற்றுக்குப் பயந்து கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடி, உள்ளே புரொபேன் ஹீட்டரை எரியவிடுவது வழக்கமாகிவிட்டது. எரிவாயு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் என்று வரும். "தூங்கட்டும், பாவம், நாலு மணிக்கே எழுந்தான்" என்று விட்டுவிடுவோம்.

மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. கையடக்க ஹீட்டர்கள் சிலவற்றின் கையேட்டிலேயே 7,000 அடிக்கு மேல் தானாக அணைந்துபோகலாம் என்று எழுதியிருக்கிறது. நாம் உட்கார்ந்திருப்பதோ எட்டாயிரம், ஒன்பதாயிரம் அடியில். மேலும் கீழும் காற்றுப் போக வழி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை உள்ளே தொங்கவிடுங்கள். கரி அடுப்பையும் பார்பெக்யூவையும் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

தலைவலி என்றதும் இன்னொன்று. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அப்பா அம்மா வந்திருந்தால், வந்த வாரத்திலேயே அவர்களை டில்லனுக்கு அழைத்துப்போகாதீர்கள். 8,000 அடிக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம். டென்வரே 5,280 அடி. அங்கே சில நாள் பழகட்டும். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மலை ஏற வேண்டாம்.

போகும் வழி, திரும்பும் வழி

ஐ-70 சாலையில் டோட்செரோ முதல் மோரிசன் வரை செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டயர் விதிமுறை அமலில் இருக்கும். தேய்ந்த டயரோடு போனால் அபராதம் ஒருபுறம், பள்ளத்தில் உருளும் ஆபத்து மறுபுறம். பனிச்சரிவு எச்சரிக்கையை கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் வெளியிடுகிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் விழும். மலை மறைப்பில் அதற்கும் முன்னால் இருட்டும். லெவன் மைல் பக்கம் காற்று கிளம்பினால் பனித்தூள் எழும்பிக் கரையே தெரியாமல் போகும். வெளிச்சத்தில் போய் வெளிச்சத்திலேயே திரும்புங்கள்.

கிளம்பும் முன் எடுத்துவையுங்கள்

- ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு ஜோடி ஐஸ் பிக். பைக்குள் இருந்தால் பயனில்லை.
- குழுவுக்கு ஒரு ஸ்பட் பார், ஒரு ஆகர், ஒரு ஸ்கேல். போகும் வழியெல்லாம் குத்திக்கொண்டே போங்கள், இடம் மாறும்போதெல்லாம் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.
- வீசுவதற்கு 50 அடி மிதக்கும் கயிறு, கைக்கு எட்டும் இடத்தில்.
- எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் அல்லது மிதக்கும் உடை. பிள்ளைகளுக்குக் கட்டாயம்.
- பூட்ஸில் மாட்டும் முள் தகடு. வழுக்கி விழுந்து மண்டை உடைவதும் விபத்துதான்.
- நீர் புகாத உறையில் செல்போன். மலையில் சிக்னல் இல்லாமல் போகலாம். அதனால் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.
- வண்டியில் ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த உடை, கம்பளி, சூடான பானம்.
- 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம்.
- தனியாகப் போகாதீர்கள். வரிசையில் இடைவெளி விட்டு நடங்கள். நான்கைந்து பேர் ஒரே இடத்தில் கூடி நின்று படம் எடுக்காதீர்கள். வண்டியை ஐஸ்மேல் இறக்க வேண்டாம்.

ஐஸ் சத்தம் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிரில் இறுகும்போது இடி உருள்வதுபோலக் கேட்கும். அதைக் கேட்டு மிரண்டு ஓட வேண்டியதில்லை. சத்தமே இல்லை என்பதற்காக நிம்மதியும் அடைய வேண்டாம். அன்று அந்த அறுபது அடியில் ஐஸிலிருந்து முன்கூட்டி எந்தச் சத்தமும் வரவில்லை. கடப்பாரை சொல்லித்தான் தெரிந்தது.

பக்கத்தில் இருப்பவர்களின் கால்தடத்தையும் நம்பாதீர்கள். அது நேற்றைய தடமாக இருக்கலாம். நேற்று இரவு மதகில் தண்ணீர் போயிருக்கலாம். அவர் எடை உங்கள் எடையில் பாதியாக இருக்கலாம். "அவங்கெல்லாம் நிக்கிறாங்களே" என்பது நம் ஊர்ப் பழக்கம், ஐஸ்மேல் அது செல்லாது.

இந்தக் கட்டுரையை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். அடுத்த முறை "சனிக்கிழமை ஐஸ் ஃபிஷிங்" என்று செய்தி வந்ததும் கட்டைவிரல் போடும் முன் முதல் பதிலை நீங்களே எழுதுங்கள்: ஐஸ் எத்தனை அங்குலம்? எங்கே அளந்தது? என்றைக்கு அளந்தது? நீர்மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா? நான்குக்கும் பதில் வராவிட்டால் அந்த வாரம் பயணத்தை ரத்து செய்யுங்கள். கோபித்துக்கொள்பவர் கோபித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களோடு சண்டை போட உயிரோடு இருப்பார்.